உழவர் வீட்டிலிருந்து வந்த முதல் மந்திரி
(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னால் பேசிய பிள்ளைகள் அழகாகப் பேசினார்கள். வளர்ந்தபின் என்னவாக வருவாய் என்று கேட்டதற்கு மருத்துவர் என்றார்கள், பொறியியலாளர் என்றார்கள், ஒரு தம்பி விமானி என்றான். சந்தோஷம். ஆனால் ஒரு பிள்ளைகூட விவசாயி ஆவேன் என்று சொல்லவில்லை. அரசியலுக்குப் போவேன் என்றும் எவரும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் நாம் பேசுவதைத்தானே அவர்கள் மேடையில் பேசுகிறார்கள்? "படிக்கலேன்னா மண்வெட்டி பிடிக்கத்தான் போகணும்" என்று மிரட்டுவது நாம். "அரசியல்வாதின்னாலே அப்படித்தான்" என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதும் நாம். ஆகவே இன்றைக்கு விவசாயியாகவும் அரசியல்வாதியாகவும் இருந்த ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியில் இரண்டே ஆண்டு இருந்தவர். பெயர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். மக்கள் சுருக்கமாக ஓமந்தூரார் என்பார்கள்.

பினாங்கில் இருந்துகொண்டு அவரைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் பாட்டன் பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று விசாரித்துப் பாருங்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்றுதான் பதில் வரும். நாகப்பட்டினத்தில் ரஜுலாக் கப்பல் ஏறி, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, செபராங் பிறை, கெடா, பேராக் தோட்டங்களுக்குப் பிரிந்து போனவர்கள் அவர்கள். எந்த நிலைமையிலிருந்து தப்பி வந்தார்களோ, அதே நிலைமையை அங்கேயே இருந்து மாற்றப் பார்த்தவர்களில் ஒருவர் ஓமந்தூரார். அந்த வகையில் இது நம் வீட்டுக் கதையின் இன்னொரு பாதி.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கிறது ஓமந்தூர். 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி அந்தக் கிராமத்தில், நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். தஞ்சாவூர்போல ஆறு பாய்கிற பூமி இல்லை அது. மழை பெய்தால் ஏரி நிறையும், ஏரி நிறைந்தால் நெல். இல்லாவிட்டால் கிணற்றில் கவலை கட்டி, இரட்டை மாடு பூட்டி, தோல் பறியில் தண்ணீர் இறைக்க வேண்டும். மேட்டு நிலத்தில் கம்பு, கேழ்வரகு, வேர்க்கடலை. அந்தப் பக்கத்து ஜனங்கள் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து அப்படி ஆயிற்று. நம் ஊரில் கச்சாங் பூத்தே வாங்கித் தின்கிறோமே, அதில் கிடக்கும் கடலைதான். இந்தியா முழுதும் பல ஆண்டுகள் பயிரான டி.எம்.வி. 2 என்ற கடலை ரகம் 1940இல் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்தது. டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்துகள்தாம்.

இப்படி வானத்தைப் பார்த்துப் பயிர் செய்கிறவனுக்கு ஒரு குணம் வந்துவிடும். பேச்சைக் குறைப்பான், கணக்கை மறக்க மாட்டான். ஓமந்தூராருக்கு இரண்டும் இருந்தன. மேடைப் பேச்சில் பெயர் வாங்கியவர் அல்லர். காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்தார், சிறை சென்றார். 1930களின் இறுதியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குத் தலைவராக இருந்தார். 1940இல் அந்த நாற்காலிக்குக் காமராஜர் வந்தார். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1947ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். பிள்ளைகள் குழம்ப வேண்டாம். 1950ஆம் ஆண்டு ஜனவரி 26க்கு முன்னால் மாகாணத் தலைவரைப் பிரதம மந்திரி என்றே சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் முதல் மந்திரி, முதலமைச்சர் என்றெல்லாம் வந்தது. அந்தச் சென்னை மாகாணமும் இன்றைய தமிழ்நாட்டின் அளவுடையது அன்று. ஆந்திரப் பகுதி, மலபார், தென் கன்னடம், பல்லாரி எல்லாம் சேர்ந்த நான்கு மொழி மாகாணம். அவருக்கு முன் இருந்த ஆந்திர கேசரி பிரகாசத்தின் அமைச்சரவை கட்சிப் பூசலில் கவிழ்ந்தது. யாரைப் போடுவது என்று தேடியபோது எந்தக் கோஷ்டிச் சண்டையிலும் ருசி இல்லாத இந்த விவசாயியைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அதில் காமராஜருக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இந்தப் பதவி வேண்டாம் என்று அவர் தயங்கினார் என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் குறிக்கிறார்கள். ஐந்தே மாதத்தில் ஆகஸ்டு 15 வந்தது. சுதந்திர இந்தியாவில் சென்னை மாகாணத்தின் முதல் பிரதம மந்திரி என்ற இடம் அவருடையதாயிற்று.

தயங்கி வந்தவர் வேலையில் தயங்கவில்லை. இரண்டு ஆண்டில் நடந்ததைப் பாருங்க.

1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம். அதற்கு முன் 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அரிஜன மக்களை அழைத்துப் போனதும், அதையொட்டி ஒரு சட்டம் வந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அது கோயில் கோயிலாக, அனுமதி பெற்றுத் திறக்கும் ஏற்பாடு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கோயிலுக்குள் எந்த இந்துவையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று மாகாணம் முழுமைக்கும் ஆக்கியது.

அதே 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் இதற்காக வாதாடத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகியிருந்தது. பெண் குழந்தையைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவது குற்றம் என்று சட்டம் எழுதியது ஓமந்தூரார் காலத்தில்தான்.

அதே ஆண்டில் இன்னொரு உத்தரவும் வந்தது. கல்லூரியிலும் உத்தியோகத்திலும் இடங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் வகுப்புவாரி முறையில், பின்தங்கிய வகுப்பாருக்கென்று முதன்முதலாகத் தனிப் பங்கு ஒதுக்கினார்கள். 14 இடத்தில் 2. கேட்பதற்குச் சின்னக் கணக்கு. ஆனால் அதுவரை கணக்கிலேயே இல்லாதவர்கள் அதில் வந்தார்கள். 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றபோது, இந்திய அரசியல் சட்டத்தையே முதல் முறையாகத் திருத்த வேண்டி வந்தது.

இனி நிலத்துக்கு வருவோம். ஜமீன்தாரி ஒழிப்பைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நம் தோட்டத்துப் பழைய கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கூட்டி வந்தவர் அவர். வெயிலில் மரம் வெட்டியது தொழிலாளி. அவன் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஜமீன் முறையும் ஏறக்குறைய அப்படித்தான், அளவுதான் பெரிது. 1802இல் கும்பெனியார் செய்த நிரந்தர ஏற்பாட்டின்படி ஜமீன்தார் சர்க்காருக்கு ஒரு நிலையான தொகையைக் கட்டிவிடுவார். அதற்குப் பேஷ்குஷ் என்று பெயர். உழுகிறவனிடம் அவர் வாங்கும் வாரமும் வரியும் வேறு கணக்கு. அந்தத் தொகை நூறு ஆண்டு ஆனாலும் ஏறாது. குடியானவன் கொடுப்பது மட்டும் ஏறும். ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் என்று தமிழ்நாட்டிலும், அதைவிட அதிகமாக ஆந்திரத்திலும் இந்த ஜமீன்கள் பரந்து கிடந்தன.

1947இல் முதலில் ஜமீன் நிலங்களின் வாரத்தைக் குறைக்க ஒரு சட்டம். 1948இல் ஜமீனையே எடுத்துவிட்டு நிலத்தை ரயத்துவாரிக்கு மாற்றும் சட்டம். ஜமீன்தாருக்கு நஷ்ட ஈடு, குடியானவனுக்குத் தன் பெயரில் பட்டா. இனி அவன் நேராகச் சர்க்காருக்கு வரி கட்டுவான், நடுவில் ஆள் இல்லை. தென்னார்க்காட்டில் பெரும்பாலும் ரயத்துவாரிதான். தன் பெயரில் பட்டா இருப்பது என்றால் என்ன என்பது ஓமந்தூராருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டா கிடைத்தது குடியானவனுக்கு. அவனிடம் கூலிக்குப் போனவனுக்கு, அதாவது கப்பலேறி இங்கே வந்த நம் ஆட்களைப் போன்றவனுக்கு, அந்தச் சட்டத்தால் ஒரு குழி நிலமும் கிடைக்கவில்லை. அந்தப் பாதி வேலை அன்று நடக்கவில்லை.

நம் நாட்டிலும் இதன் எதிரொலி போன்ற ஒரு முயற்சி நடந்தது. துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டக்காரர் மகன். அவர் படித்ததும் தென்னார்க்காட்டில், சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கித் தொழிலாளி நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். பிள்ளைகளே, இதை வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அந்தப் பங்குச் சீட்டை இன்னும் பெட்டியில் வைத்திருப்பவர்கள் உண்டு.

கள்ளைப் பற்றிச் சொல்லாமல் போனால் தாய்மார்கள் என்னை விடமாட்டார்கள். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அது யுத்த காலத்தில் நின்று போயிற்று. மறுபடியும் படிப்படியாக வந்து, 1948 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு என்று ஆக்கியது ஓமந்தூரார் அரசு. சர்க்காருக்குக் கள் சாராய வருமானம் பெரிய வருமானம். அதை விட்டுவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். அவர் பதவியேற்ற அதே 1947ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், இதோ பக்கத்துக் கெடாவில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில், தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். போலீஸ் வந்தது, அடிதடி நடந்தது. அங்கே கோட்டையில் இருந்த மந்திரி ஒரு கையெழுத்தில் கடையை மூட முடிந்தது. இங்கே தோட்டத் தொழிலாளிக்குக் கையெழுத்துப் போடும் இடம் இல்லை, வாசலில்தான் நிற்க முடிந்தது. என் மனத்தில் அந்த இளைஞர்களுக்கும் ஓமந்தூராருக்கும் ஒரே வரிசையில்தான் இடம்.

இந்தப் பள்ளியில் நடப்பது தமிழ் விழா. ஆகவே மொழியைப் பற்றி இரண்டு சங்கதி சொல்ல வேண்டும். ஒன்று இனிப்பு, ஒன்று கசப்பு.

இனிப்பை முதலில் சொல்கிறேன். சற்று முன் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பாரதி பாட்டுப் பாடி ஆடினார்கள். யாரிடமாவது அனுமதி வாங்கினோமா? பணம் கட்டினோமா? இல்லை. பாரதியார் இறந்தது 1921இல். அந்நாளைய சட்டப்படி ஒரு கவிஞர் இறந்து 50 ஆண்டு வரை அவர் எழுத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. அதாவது 1971 வரை பாரதி பாட்டைப் பாடவும் அச்சடிக்கவும் யாரையாவது கேட்க வேண்டியிருந்திருக்கும். பாட்டை ஒலிப்பதிவு செய்யும் உரிமை படமெடுக்கும் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. பாரதி பொதுச் சொத்தாக வேண்டும் என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் குரல் கொடுத்தார்கள். 1949இல் ஓமந்தூரார் அரசு, கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று, பாரதி படைப்புகளின் உரிமையை அரசாங்கத்துக்கு வாங்கியது. மெய்யப்ப செட்டியார் தம் உரிமையைப் பணம் வாங்காமல் கொடுத்தார். 1950களில் அது மக்கள் யாவருக்கும் பொது என்று ஆனது. ஒரு கவியின் எழுத்தை அரசாங்கம் வாங்கி ஜனங்களிடம் கொடுத்ததற்கு அதற்கு முன் நம் பக்கத்தில் உதாரணம் இல்லை.

கசப்பு இது. இதே அரசுதான் 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் உத்தரவைப் போட்டது. பத்தாண்டுக்கு முன் ராஜாஜி செய்து, தாளமுத்து நடராசன் சிறையில் உயிர்விட்டு, 1940இல் கைவிடப்பட்ட அதே காரியம். பெரியாரும் அண்ணாவும் மறியலில் இறங்கினார்கள். மறைமலையடிகளும் திரு.வி.க.வும் எதிர்ப்பு மேடையில் நின்றார்கள். அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சில், பெரியாரின் கறுப்புச் சட்டைப் படையை அரசு தடை செய்திருந்தது. ஆட்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பின்னர் கட்டாயம் தளர்ந்தது. பாரதியை வாங்கிக் கொடுத்த கைதான் இந்தியையும் எழுதியது என்றால், நேர்மையானவர் என்பதற்காக அவர் செய்தது எல்லாமே சரி ஆகிவிடாது. விழா மேடையில் இதை எதற்குச் சொல்கிறாய் என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாய்மொழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இதை மறைத்துவிட்டுப் புகழ்மாலை மட்டும் பாடினால், அவர்கள் நாளைக்கு ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அந்த ஐயா நம்மகிட்ட முழுசாச் சொல்லலையே" என்பார்கள்.

பதவி போன கதைக்கு வருகிறேன். அவரைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி இல்லை, சொந்தக் கட்சி. சட்டசபை உறுப்பினர் ஒருவர் வருவார். இந்த அதிகாரியை மாற்றுங்கள், அந்த லைசென்சைக் கொடுங்கள், நம்ம பையனுக்கு ஒரு வேலை என்பார். ஓமந்தூரார் முடியாது என்பார். நிர்வாகத்தில் கட்சிக்காரர் தலையிடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். கிராமத்தில் வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களே, அதில் அண்ணன் தம்பிக்குக்கூட நாழிகை மாற்ற மாட்டார்கள். அந்தப் பழக்கம் அவருக்குக் கோட்டையிலும் போகவில்லை. 1948இல் பிரகாசம் மறுபடி போட்டி போட்டபோது ஓமந்தூரார் ஜெயித்தார். ஆனால் முணுமுணுப்பு வளர்ந்தது. அவரைக் கொண்டுவந்த காமராஜரின் ஆதரவும் விலகியது. 1949 ஏப்ரல் 6ஆம் தேதி பூ. ச. குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார்.

காமராஜர்மீது எனக்கு மிகுந்த பக்தி உண்டு. இந்த மண்டபத்தில் அவருக்குக் கைதட்டாத பெற்றோர் இருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என் மனம் ஓமந்தூரார் பக்கம்தான் சாய்கிறது. கட்சியை நடத்தத் தெரியாதவர் என்று அவரைச் சொன்னார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் தட்டிக்கொடுத்துப் போகும் சாமர்த்தியம் அவரிடம் இல்லை. அது இருந்திருந்தால் இன்னும் ஐந்தாண்டு இருந்திருப்பார், உழுகிறவனோடு கூலிக்காரனுக்கும் நிலம் என்ற அந்தப் பாதி வேலையைத் தொட்டிருக்கலாம். தொடாமலும் இருந்திருக்கலாம். இதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவோடு விவாதித்துப் பாருங்கள்.

பதவி போனவர் என்ன செய்தார்? வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867இல் தருமசாலை திறந்து மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருக்கிற ஊர் அது. அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்று தம் மிச்ச நாளைக் கொடுத்தார். பினாங்கில் ராமகிருஷ்ண ஆசிரமத்து இல்லத்தில் வளர்ந்து பெரிய ஆளானவர்களைத் தெரிந்தவர்களுக்கு, இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மாகாணத்தை ஆண்டவர் பிள்ளைகளுக்குச் சோறு ஆயிற்றா, படிப்பு ஆயிற்றா என்று பார்த்துக்கொண்டு இருபது ஆண்டு இருந்தார். 1970 ஆகஸ்டு 25ஆம் தேதி மறைந்தார்.

மறு ஆண்டு, 1971 ஆகஸ்டு 30ஆம் தேதி, தமிழ்நாட்டில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. கடைகள் திறந்தன. அதைப் பார்க்க அவர் இல்லை.

சென்னைக்குப் போகும் நம்மவர்கள் மவுண்ட் ரோட்டில் போகாமல் இருப்பதில்லை. அங்கே பழைய கவர்னர் மாளிகை இருந்த பரந்த இடத்துக்கு ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்று பெயர். 2010இல் அங்கே புதிய சட்டசபைக் கட்டடம் எழுந்தது. ஆட்சி மாறி, 2014இல் அதே கட்டடம் அரசாங்க ஆஸ்பத்திரி ஆயிற்று. தெருவில் ஆட்டோக்காரரிடம் "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி" என்றால் நேரே கொண்டுபோய் விடுவார். கிராமத்திலிருந்து வந்த குடியானவர்கள் மூட்டை முடிச்சோடு வைத்தியத்துக்குக் காத்திருப்பதை அங்கே பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது வாசலில் இறங்கி ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முதலாம் ஆண்டுக் குழந்தைகள் தூங்கத் தொடங்கிவிட்டார்கள். பரிசுகளை எடுத்து வரச் சொல்லுங்கள்.